நெல் அவியும் மத்தியானம்

உருத்திரபுரத்து வெயில் முற்றத்துப் பாய்களில் காயும் நெல்லின் மேல் எரிகிறது. சமையல் குசினிக்கு வெளியே, பெரிய பானையில் அடுத்த நெல் அவிகிறது. வாசிக்கத் தெரியாத என் மூத்த அக்கா தையல்நாயகி அகப்பையோடு நிற்கிறாள். நான் பலகையில் குந்தியிருந்து, வவுனியாவில் வாங்கிய புது நாவலை அவளுக்கு உரத்து வாசிக்கிறேன். முதல் அத்தியாயம்தான். ஒருத்தி பெற்றோரோடும் கைக்குழந்தையான தங்கையோடும் ஊரை விட்டுக் காட்டுக் குடியேற்றத்துக்கு வருகிறாள். கேட்டு வந்த சம்பந்தங்களையெல்லாம் மறுக்கிறாள். “உங்களைப் போலத்தான் அக்கா இவவும். நானும் கைக்குழந்தையாத்தானே இஞ்ச வந்தனான்,” என்று சிரிக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. “நிப்பாட்டாதை, வாசி.” வாசிக்கிறேன். பாயில் காகம் இறங்குகிறது; அவள் விரட்டவில்லை. நெல் வாய் பிளந்த உடனே பானையை இறக்குகிறவள், இன்று அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. சோறு குழையும் மணம் எழுகிறது. “அக்கா, நெல்லு குழையுது!” “அந்தப் பிள்ளை,” என்கிறாள், புகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, “கடைசியிலையெண்டாலும் அவளை அம்மா எண்டு கூப்பிடுமோ?” நான் பக்கங்களைப் புரட்டுகிறேன். நாவலில் அந்தப் பிள்ளை இன்னும் தங்கைதான். அக்கா என்று கூப்பிட வாயெடுக்கிறேன். கூப்பிடாமல் அவள் கையிலிருந்து அகப்பையை வாங்குகிறேன்.