பதினோரு மணிக்குள் போன மாதம்

மேனேஜரின் லேப்டாப் காலையிலிருந்து நான்கு முறை உறைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அவர் முகமும் கூடவே உறைந்தது.

"கதவைச் சாத்தும்மா" என்றார், உள்ளே வந்த கம்ப்யூட்டர் டெக்னீஷியனிடம். "தேதியைப் போன மாசத்துக்கு மாத்துறேன். நெட் வந்ததும் இது தானா சரியான நேரத்தை எடுக்கப் பாக்குது. அப்படியே நின்னுடுது."

"எதுக்கு சார் போன மாசம்?"

"உன்கிட்ட கேட்டது ரிப்பேர். கேள்வி இல்ல."

எதற்கென்று அவளுக்குத் தெரியும். ஆபீசுக்கே தெரியும். லிஃப்டில் மேனேஜர் தன்மேல் கை வைத்ததை, ரிசப்ஷன் அக்கா போன வாரம் புகாராக எழுதிக் கொடுத்திருந்தாள். பதினோரு மணிக்கு விசாரணை. அக்காவைப் போன மாதமே கண்டித்ததாக ஒரு கடிதம் இருந்தால், புகார் வெறும் பழிவாங்கல் ஆகிவிடும். அக்காவுக்கு வேலை போய்விடும். ஆனால் விசாரணை அதிகாரி காகிதத்தை நம்புகிற ஆள் இல்லை. ஃபைல் எந்தத் தேதியில் உருவானது என்று பார்ப்பார்.

மணி பத்தேகால்.

"சரி பண்ணிடலாம் சார். முதல்ல என் சர்டிபிகேட்."

வேலைக்குச் சேர்ந்த அன்று, மூன்று வருடம் ஓடிப்போகக் கூடாதென்று அவர் வாங்கிப் பூட்டிய ஒரிஜினல்கள். அவள் வீட்டில் முதன்முதலாக ஒருத்தி வாங்கிய பட்டம். அவள் அம்மா அதை ஒரே ஒரு தடவைதான் தொட்டுப் பார்த்திருந்தாள்.

"பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணு" என்று சிரித்தபடி அலமாரியைத் திறந்தார் மேனேஜர்.

தாள்களைச் சரிபார்த்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ரெண்டு புரோகிராம் சார். ரெண்டும் கடிகாரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. நடுவுல லேப்டாப்புக்கு மூச்சு முட்டுது."

ஒன்றைத் தூக்கினாள், மற்றதை நிறுத்தினாள். தேதியையும் அவளே மாற்றிக் கொடுத்தாள். திரையின் மூலையில் நாளும் மாதமும் பளிச்சென்று தெரிந்தன: பதினெட்டு, போன மாதம். நெட் வந்தது. லேப்டாப் உறையவில்லை.

மேனேஜர் கடிதத்தைத் தட்டி முடித்து பென் டிரைவில் ஏற்றினார்.

வெளியே வந்தவளின் பையில் நீட்டிக்கொண்டிருந்த சர்டிபிகேட்டை அக்கா பார்த்துவிட்டாள்.

"கிடைச்சிடுச்சா? நல்லா இரு."

எதிர் சோபாவில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவள் பையை இழுத்து மூடிக்கொண்டு நடந்தாள்.

பதினோரு மணிக்கு அதிகாரி பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகினார். ஃபைல் உருவான தேதியைத் திறந்து பார்த்தார்.

"அந்தம்மா எப்ப வேலைக்குச் சேர்ந்தாங்க?"

"ஆறு மாசம் இருக்கும் சார். சேர்ந்ததுலேர்ந்தே தலைவலி. அதான் கண்டிச்சேன். தேதி அதுலயே இருக்கு பாருங்க."

"பாத்துட்டேன்" என்று அதிகாரி திரையை அவர் பக்கம் திருப்பினார். நாளும் சரி, மாதமும் சரி. வருடம் மட்டும் போன வருடம்.

அக்கா வேலைக்குச் சேர்வதற்கு ஏழு மாதம் முன்பே அவளைக் கண்டித்துக் கடிதம் எழுதியிருந்தார் மேனேஜர்.