தாய்மாமன் அழைப்பு

“தாய்மாமன வாயால அழைக்கணும் தம்பி. போனுல சொல்லி முடிக்க அவரென்ன கேஸ் ஏஜென்சியா?”

வேன் விளாத்திகுளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. டிரைவர் மதார் ராமநாதபுரத்துக்காரன். சாயல்குடி விலக்கில் விடியற்காலையில் இவர்களை ஏற்றியதோடு சரி, முன்பின் பழக்கமில்லை. பக்கத்து சீட்டிலிருந்து அவனிடம் பேசிக்கொண்டுவந்தவர் தங்கசாமி. பின்னால் அவர் மனைவி மீனம்மாள், மகள் இராமலட்சுமி, அழைப்புக்குச் சாட்சியாகப் பங்காளிகள் ஒன்பது பேர்.

“அவரோட எத்தன வருசமாப் பேச்சுவார்த்த இல்லண்ணே?” என்றான் மதார்.

“பத்தொம்பது.”

“என்ன விசயமா?”

பின்னாலிருந்து இராமலட்சுமி சொன்னாள்: “ஆட்டுத் தலை.”

“என்னது?”

“எனக்குக் காதுகுத்து. வெட்டுன கிடாயோட தலை தாய்மாமனுக்குத்தான் சேரணும். அய்யா அத எங்க பெரியப்பாவுக்குக் குடுத்துட்டாரு.”

“மச்சான் பந்திக்கு லேட்டா வந்தாரு,” என்றார் தங்கசாமி.

“எங்கண்ணன் மைக்செட்டுக்காரனக் கூட்டியாரப் போயிருந்துச்சு,” என்றாள் மீனம்மாள்.

“அதுவரைக்கும் தலை ஆறிப்போகாதா?” என்று திரும்பினார் தங்கசாமி.

“தின்ன பெரியப்பா செத்தே பன்னெண்டு வருசமாச்சு!” இராமலட்சுமி சீட்டில் குத்தினாள். “இன்னும் பத்து நாள்ல கல்யாணம். தாய்மாமன் மாலை போடாத பொண்ணு வேணாம்னு மாப்பிள்ள வீட்டுல சொல்லிட்டாக. எங்க ஊருலயே மொத பி.எஸ்சி. நானு. எனக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு ஒரு ஆட்டுத் தலை முடிவு பண்ணுது.”

பங்காளிகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கோவில்பட்டியில் டீ, சங்கரன்கோவிலில் சாப்பாடு. தென்காசி வந்ததிலிருந்து தங்கசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. “எல்லை வந்துருச்சா? வந்துருச்சா?” என்று பத்து தடவை கேட்டுவிட்டார்.

மதாருக்கு மனசு இளகிவிட்டது. “மாமா எங்கன இருக்காக? புனலூரா, கொல்லமா?”

“போர்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன்னு எங்கண்ணன் சொல்லிருச்சு,” என்று மீனம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

வேனுக்குக் கேரள பெர்மிட் இல்லை. எல்லைக்கு முன்னாலேயே ஓரங்கட்டிவிட்டு, வேடிக்கை பார்க்க மதாரும் கூடவே நடந்தான். மலையாளத்தில் எழுதிய வரவேற்புப் பலகையைத் தாண்டியும் தங்கசாமி நிற்கவில்லை. இன்னும் இருபது எட்டு எடுத்து வைத்தார். அங்கே நின்ற லாட்டரிச் சீட்டுக்காரரைப் பிடித்தார்.

“அய்யா, இது முழுசாக் கேரளாதான?”

“கேரளம்தன்னே. டிக்கட் வேணுமோ?”

அதற்குள் டீக்கடைக்குள்ளிருந்து வெள்ளை வேட்டியும் தோளில் பையுமாக சின்னக்கருப்பன் வெளியே வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். யார் முதலில் வாயைத் திறப்பது என்பதில் அரை நிமிடம் போனது.

“மச்சான்!”

“மாப்ள! எங்கிட்டப் பேசிட்டீகளே மாப்ள!”

கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். டீக்கடையே எழுந்து வேடிக்கை பார்த்தது.

“அன்னைக்கு அந்தத் தலை உங்களுக்குத்தான் மச்சான். எம்புத்தி கெட்டுப்போச்சு.”

“விடுங்க மாப்ள. ஆட்டுத் தலையில என்னத்தக் கண்டோம்?”

“அதுலயாவது மூளை இருந்துச்சு,” என்றாள் இராமலட்சுமி.

மீனம்மாள் கொண்டுவந்திருந்த வெற்றிலை பாக்குத் தட்டை வாங்கி நீட்டினார் தங்கசாமி. “எம்மகளுக்குக் கல்யாணம். நீங்க வந்து மாலை போட்டு நடத்திக் குடுக்கணும்.”

“வாரேன். நான் வராம யாரு போடுறது?”

“கேட்டோம்!” என்றார்கள் பங்காளிகள் ஒன்பது பேரும்.

இராமலட்சுமி அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். ஒரு மாசமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். மிளகாய் விலை, கண்மாய்த் தண்ணி, செத்தவர்கள், பிறந்தவர்கள், எதையும் விடவில்லை. “பொழுதாகுது” என்று மதார் மூன்று தடவை சொன்னபிறகுதான் எழுந்தார்கள். சின்னக்கருப்பனும் பையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பியதில் மதாருக்கு ரொம்பச் சந்தோஷம்.

தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்கள். வரவேற்புப் பலகைக்கு ஒரு எட்டு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். கை தோளிலிருந்து இறங்கியது. வாய் மூடியது. தாண்டி வந்து, ஒருவர் வேனின் முன் சீட்டிலும் இன்னொருவர் கடைசி சீட்டிலும் ஏறி, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மதார் பதறிப்போய் இராமலட்சுமியை ஓரமாகக் கூப்பிட்டான். “என்ன தங்கச்சி, அதுக்குள்ள மறுபடியும் சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்லண்ணே. தமிழ்நாட்டு மண்ணுல ஒருத்தருக்கொருத்தர் பேச மாட்டோம்னு சாமி முன்னாடி சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிருக்காக.”

“யா அல்லா! அப்ப மாமாவ எங்கன இறக்கிவிட?”

“எங்க வீட்டு வாசல்லயே நிறுத்துங்க,” என்றாள் அவள். “ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சுவரு ஒண்ணுதான்.”