கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டம்

"கணையத்துல வர்ற கேன்சர்லயே இது அபூர்வமாம். மெதுவாத்தான் பரவுமாம். ஆனா ரத்தத்தோட போய்க் கல்லீரல்ல உட்கார்ந்துக்குமாம்" என்று, கட்டிலில் சுருண்டு கிடந்த அண்ணனின் காலைப் பிடித்தபடி தங்கை மூக்கைச் சிந்தினாள்.

"என்னால தாங்க முடியலம்மா" என்று அவன் முனகினான்.

பார்க்க வந்த சொந்தங்கள், "பாதியா இளைச்சுட்டாரே!" என்று உச்சுக்கொட்டினார்கள்.

"அண்ணி, அண்ணனுக்கு இன்னொரு தலையணை குடுங்க. அப்படியே எல்லாருக்கும் டீ!"

தலையணையைக் கொடுத்துவிட்டு, டீத்தட்டோடு திரும்பி வந்த அண்ணியின் போன் அடித்தது. மருத்துவமனை நர்ஸ்.

"நாளைக்கு அட்மிட் ஆகணுமே, பேஷன்ட்டை யார் கூட்டிட்டு வர்றீங்க?"

"யாரும் வேணாம் சிஸ்டர். நானே பஸ்ல வந்துடறேன். கணையம் என்னோடதுதானே?"

தங்கை பதறிப்போய் எழுந்தாள்.

"ஐயோ அண்ணி! அப்போ நாளைக்கு அண்ணனுக்குச் சாப்பாடு?"