வோய் சொல்லு

“ஸ்பானிஷ்ல ‘வோய்’னா ‘நான் போறேன்’. சாப்பிடப் போறேன், தூங்கப் போறேன், எல்லாத்துக்கும் அதுதான். எங்கே, சொல்லு” என்றாள் அக்கா.

“வாமோஸ்” என்றாள் தங்கை.

“அது ‘நாம போறோம்’டி, மக்கு.”

“நாமதானே போறோம்? அங்க நீயே பேசுக்கா. நான் உன் பின்னாடி நின்னுக்கறேன்.”

“புது வீட்ல நீதான் பேசணும். வோய் சொல்லு.”

காப்பக வார்டன் வந்து அக்காவை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

“மறுபடியும் கெஞ்சிப் பார்த்துட்டேம்மா. சின்னவளை மட்டும்தான் தத்தெடுப்பாங்களாம். அவகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல மேடம்.”

உள்ளே தங்கை, அக்காவின் சீப்பையும் எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.