நிற்காமல் போன பஸ்

“உங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லிடுங்க. பக்கத்து ரூம்ல இன்னொருத்தங்க இருக்காங்க, அவங்களைக் கேள்வி கேக்கச் சொல்றேன்.”

“எதுக்கு மேடம்? மத்தவங்களை எல்லாம் நீங்கதானே கேட்டீங்க? என்னையும் நீங்களே கேளுங்க” என்றார் பஸ் கண்டக்டர் அம்மா. டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். விரலிடுக்கில் டிக்கெட் கிழித்த மை இன்னும் போகவில்லை.

ஆய்வாளர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு ரெக்கார்டரை மேசையின் நடுவே நகர்த்தி வைத்தார். கருக்கலைப்புக்கு வரும் பெண்களை ஆஸ்பத்திரிகளில் எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பேச முன்வருகிறவர்களே குறைவு. வந்தவர்களிலும் பலர் முதல் கேள்விக்கே கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

“பேர் சொல்ல வேண்டாம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்.”

“வண்டியையே எடுக்கலை, அதுக்குள்ள எங்க நிறுத்தறது? ரைட் குடுங்க, போலாம்.”

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

“கலைக்கப் போனப்ப உங்க நிலைமை என்ன?”

“வேலைக்குச் சேர்ந்த புதுசு. கைக்குழந்தை வேற. முதல் பிரசவத்துலயே உசிரு ஊசலாடி, வயித்தைக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. உடனே இன்னொண்ணு வந்தா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். ஆனா வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குத்தான் மேடம் முதல்ல போனேன்.”

“அங்க என்ன நடந்தது?”

“சீட்டு குடுக்கற இடத்துல இருந்தவ, ‘என்னது, கலைக்கவா?’ன்னு எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி கத்தினா. வரிசையே திரும்பிப் பார்த்துச்சு. ‘புருஷனைக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லு’ன்னா. அவர் வேலைக்காக வெளியூர்ல இருந்தார். ஒரு பஸ் கூட்டத்தையே வாயால அடக்கறவ நான். அன்னிக்குப் பேச்சே வரலை. குனிஞ்ச தலையை வாசல் தாண்டித்தான் நிமிர்த்தினேன்.”

“அப்புறம்?”

“ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால ஒருத்தி இருந்தா. ஏதோ குடுத்தா, என்னமோ பண்ணினா. காய்ச்சல் அனலாக் கொதிச்சுது. லீவு போட்டா வேலை போயிடுமேன்னு டியூட்டிக்கு ஏறிட்டேன். நடுவழியில, பஸ்ஸுக்குள்ளயே ரத்தம் கொட்டி விழுந்துட்டேன்.”

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் கைகளை இறுகக் கோத்துக்கொண்டார்.

“டிரைவர் அண்ணன் தங்கமான மனுஷன். அதுக்கப்புறம் ஒரு ஸ்டாப்பிங்லயும் நிறுத்தலை. பஸ் நிறைய ஜனம். அப்படியே ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டிட்டார். இறங்க வேண்டிய இடம் போச்சேன்னு ஒருத்தர் வாயைத் திறக்கலை மேடம்! சில்லறைக்காக தினம் என்கூட மல்லுக்கு நிக்கற பெரியம்மா ஒருத்தங்க, வழி முழுக்க என் தலையை மடியில வச்சுக்கிட்டு வந்தாங்க.”

“அங்க... அங்க எப்படி நடத்தினாங்க?”

கண்டக்டர் தண்ணீர் டம்ளரை ஆய்வாளர் பக்கம் தள்ளினார். “குடிங்க மேடம். நான்தான் பொழச்சுக்கிட்டேனே! அங்க ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை. கதவைச் சாத்திட்டு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ‘நீங்க ஒரு தப்பும் பண்ணலை. முதல்ல பொழைக்கிற வழியைப் பாப்போம்’னாங்க. அந்தக் கதவை முதல் தடவை போனப்பவே யாராவது சாத்தியிருந்தா, நான் ஏன் மருந்துக்கடைக்குப் பின்னால போறேன்? இதை நல்லா எழுதிக்குங்க.”

ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

“அதுக்கப்புறம் உடம்பு?”

“உசிரைக் காப்பாத்தணும்னு கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. அதனால ஒரே பொண்ணு. ‘எனக்கு மட்டும் ஏன் தம்பி தங்கச்சி இல்லை’ன்னு சின்னதுல நச்சரிப்பா. ‘நீ ஏறினதும் வண்டி ஃபுல்லு’ன்னு சொல்லிச் சமாளிச்சுடுவேன்.”

ஆய்வாளர் தாளைத் திருப்பி அடுத்த கேள்வியைத் தேடினார்.

“இந்த விஷயம் குடும்பத்துல யாருக்குத் தெரியும்?”

“என் வீட்டுக்காரருக்கு. அவரோட சரி.”

“இத்தனை வருஷம் கழிச்சு, இப்ப ஏன் பேசணும்னு தோணிச்சு?”

கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எம் பொண்ணைப் பார்த்துதான். ஊரே கூடி வேண்டாம்னாலும், சரின்னு பட்டதை அவ விடமாட்டா. அவ நடந்து போனா எனக்கு நெஞ்சு நிமிரும் மேடம். மகளுக்கு இருக்கற தைரியம் பெத்தவளுக்கு வேண்டாமா?”

“கடைசிக் கேள்வி. யார்கிட்டயாவது சொல்லணும்னு நினைச்சு, சொல்ல முடியாமலே இருந்தீங்களா?”

“எம் பொண்ணுகிட்டதான். தான் பொறந்ததாலதானே அம்மாவுக்கு உடம்பு கெட்டுச்சுன்னு அவ மருகிடக் கூடாதேன்னு பயம். அவமேல ஒரு தூசு அளவு பழி கிடையாது. அதையும் எழுதிக்குங்க.”

எழுதி முடித்து, ஆய்வாளர் ரெக்கார்டரை அணைத்தார்.

“முடிஞ்சுதா மேடம்?”

“முடிஞ்சுது” என்று எழுந்தவர், மேசையைச் சுற்றி ஓடிவந்து கண்டக்டரைக் கட்டிக்கொண்டு கதறினார். “இதை வீட்டுலயே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“வீட்டுல சொன்னா அழுதிருப்பே, இங்க சொன்னதாலதானே எழுதினே!” என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள் அம்மா. “ஒரு கேள்வியைக்கூட விடாமக் கேட்டே பாரு, நீ எம் பொண்ணுடி!”