டாக்டர் கையில் ஐந்து சீட்டு

பல் டாக்டரின் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இருபது வருடமாக “வலிக்காது” என்று சொல்லிச் சொல்லிப் பழகிய முகம் அது.

அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் சீட்டுக் கடையில் மூன்று வருடமாகச் சாம்பியனாக இருந்தார். ரம்மி ஆடும் சீட்டு இல்லை. டிராகன், பூதம், மந்திரவாதி என்று படம் போட்ட சீட்டு. ஆளுக்கொரு கட்டு. ஒரு மிருகத்தை மேஜையில் இறக்கவோ எதிராளி மேல் ஏவவோ வேண்டுமானால், கையில் வைத்திருக்கும் மற்ற சீட்டுகளை அதற்கு விலையாகக் கீழே போட வேண்டும். அதனால் பாதி ஆட்டத்திலேயே எல்லோருக்கும் கை காலியாகிவிடும். டாக்டருக்கு மட்டும் ஆகாது.

“கையில சீட்டு இருக்கணும், அவ்வளவுதான்,” என்பார். “அது என்ன சீட்டுன்னு எதிராளிக்குத் தெரியாத வரைக்கும் எல்லாமே நல்ல சீட்டுதான்.”

இந்த வருட இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் நூலகத்தில் வேலை பார்க்கும் பெண். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இவரிடமே தோற்றவள். பரிசு, ‘வெள்ளி ஆமை’ என்ற அபூர்வச் சீட்டு. மொத்தமே நாற்பதுதான் அச்சடித்தார்களாம். கடை மூலையில் கண்ணாடி அலமாரிக்குள் மினுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் ஆட்டம் ஓடியது. அவளுடைய டிராகன் மேஜையில் தயாராக நின்றது. கையில் இரண்டே சீட்டு. இரண்டையும் கீழே போட்டு டிராகனை ஏவினால் டாக்டர் காலி. ஆனால் டாக்டர் கையில் ஐந்து சீட்டு. அதில் ஒன்று ‘பொறி’யாக இருந்துவிட்டால் டிராகன் திரும்பி வந்து இவளையே விழுங்கிவிடும். போன இரண்டு வருடமும் விழுங்கியது.

டாக்டர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். வலிக்காது என்கிற புன்னகை.

“அஞ்சு நிமிஷம் பிரேக் கிடைக்குமா?” என்றாள் அவள்.

நடுவராகவும் இருந்த கடைக்காரர் தலையாட்டினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எழுந்து அலமாரியை மொய்த்தார்கள். அவளும் போய் எட்டிப் பார்த்தாள். டாக்டர் ஐந்து சீட்டையும் கையோடு பாத்ரூமுக்கு எடுத்துப்போனார்.

எல்லோரும் மறுபடி உட்காரும்போதுதான் கடைக்காரர் கவனித்தார். அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. ஆமையைக் காணோம்.

அவர் போட்ட சத்தத்தில், போனைத் தேடி எடுப்பதற்குள்ளாகவே ஒரு இன்ஸ்பெக்டர் படியேறி வந்துவிட்டார்.

“கீழ ரோட்டுல போயிட்டிருந்தேன். என்ன கலாட்டா?”

விஷயத்தைக் கேட்டதும் ஷட்டரை இறக்கச் சொன்னார். இருபது பேரின் பைகளையும் கொட்டிப் பார்த்தார். ஆமை இல்லை.

“ஒரு சீட்டை ஒளிச்சு வைக்க நல்ல இடம் எது?” என்று தானே கேட்டுத் தானே பதில் சொன்னார். “மத்த சீட்டுக்கு நடுவுலதான்.”

எல்லோருடைய கட்டுகளையும் பிரித்துப் பார்த்தாயிற்று. மிச்சம், ஆட்டக்காரர்கள் இருவரின் கையில் இருந்தவை.

“முதல்ல என்னோடதைப் பாருங்க சார்,” என்று அவள் இரண்டு சீட்டையும் நீட்டினாள்.

டாக்டர் தன் ஐந்தையும் மார்போடு அணைத்துக்கொண்டார். “முடியாது சார். ஆட்டம் பாதியில நிக்குது. இப்ப கையைக் காட்டினா தோத்த மாதிரி.”

“காட்டலேன்னா திருடின மாதிரி.”

“நான் பல் டாக்டர் சார்.”

“பல் டாக்டருங்க மேல எனக்கு ஏற்கெனவே நம்பிக்கை கிடையாது.”

“பாத்ரூமுக்குக்கூட எடுத்துட்டுப் போனாரு சார்,” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

முதல்முறையாக அந்த முகத்தில் வேர்வை அரும்பியது. டாக்டரிடம் பல் கட்டிக்கொண்ட நாலு பேர் கூட்டத்தில் இருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் கடைக்காரர்தான் சமாதானம் செய்தார். “எதிராளி பார்க்காம, சாருக்கு மட்டும் காட்டுங்க டாக்டர். அதுல தப்பில்லை.”

தண்ணீர் கேன் இருந்த மூலைக்கு இருவரும் போனார்கள். இன்ஸ்பெக்டர் ஐந்து சீட்டையும் ஒவ்வொன்றாக, இரண்டு தடவை பார்த்தார்.

“இவர் கையில ஒண்ணும் இல்லை,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

டாக்டருக்கு மானம் திரும்பி வந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் அலமாரி முன்னால் மண்டியிட்டு, அடியில் தோள் வரை கையை விட்டுத் துழாவினார். தூசியோடு வெள்ளி ஆமை வெளியே வந்தது.

“பூட்டு லூசா இருக்கு. தானா விழுந்திருக்கு. இதுக்குப் போய் ஒரு பெரிய மனுஷனைச் சந்தேகப்பட வைச்சுட்டீங்களே,” என்று கடைக்காரரைக் கடிந்துகொண்டு படியிறங்கிப் போனார். ஆளாளுக்கு டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

ஆட்டம் தொடர்ந்தது. அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு சீட்டையும் கீழே போட்டு டிராகனை ஏவினாள்.

டாக்டர் தன் கையை மெதுவாக மேஜையில் விரித்தார். மூன்று தவளை, ஒரு பாழுங்கிணறு, ஒரு கிழிந்த வரைபடம். அவரைக் காப்பாற்ற எதுவுமே இல்லை.

“எப்படிம்மா அவ்வளவு தைரியம் வந்துச்சு?” என்று கைகுலுக்கினார்.

“சும்மா தோணுச்சு டாக்டர்.”

வெள்ளி ஆமையைக் கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அங்கே இன்ஸ்பெக்டர் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“அலமாரிக்கு அடியில அவ்வளவு தூரமா தள்ளுவே அக்கா? குனிஞ்சப்ப பேன்ட் டர்ருன்னு கிழிஞ்சுடுச்சு, நாடகக் கம்பெனிக்காரன் வாடகைக்குத் தந்த யூனிபார்மை முழுசா கேப்பானே,” என்றான் இன்ஸ்பெக்டர்.