நூற்றைத் தாண்டினால்

அதே டாக்ஸி மறுபடியும் பட்டறை வாசலில் வந்து நின்றதும் மெக்கானிக்குக்குச் சலித்துப்போனது.

"இன்னுமா திணறுது, அண்ணே?"

"ஆமா தம்பி. டவுனுக்குள்ள ஒண்ணும் தெரியலை. நூறைத் தாண்டி ஒரே வேகத்துல போறப்ப ஒரு நொடி செத்துப் பொழைக்குது. கியர்தான் சரியா மாற மாட்டேங்குது," என்றார் டாக்ஸிக்காரர்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. ஆயிலை மாற்றியாயிற்று, வால்வையும் மாற்றியாயிற்று. மெக்கானிக் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் திணறலே இல்லாமல் போனது. இந்தத் தடவை டாக்ஸிக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டு, கோளாறைக் காட்டும் ஸ்கேனரை வண்டியில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

நெடுஞ்சாலையில் வேகம் நூற்றைத் தாண்டியது. கொஞ்ச தூரம் போனதும் வண்டி திணறியது. மெக்கானிக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓரமா நிறுத்துங்கண்ணே."

நிறுத்தினார்.

"கியர்ல ஒரு குறையும் இல்லை. திணறுற நொடியில நீங்க ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுக்கறீங்கன்னு இதுல காட்டுது."

"நான் எடுக்கலையே, தம்பி."

மெக்கானிக் அவர் காலைப் பார்த்தான். டாக்ஸிக்காரர் குனிந்து வலது பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"ரொம்ப நேரம் மிதிச்சா மரத்துப்போகுது. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியறதில்லை. வண்டிக் கோளாறா இருந்துடணும்னுதான் உன்கிட்டயே வந்துக்கிட்டிருந்தேன்."

"எழுந்திருங்கண்ணே, நான் ஓட்டறேன்."

இடம் மாறி உட்கார்ந்த டாக்ஸிக்காரர், "எதுக்கும் கியர்பாக்ஸை ஒருதடவை பிரிச்சுப் பாத்துடேன்," என்றார்.

மெக்கானிக் ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் வண்டியைத் திருப்பினான்.